கதிருக்கு, ரிமோட் படகு விஷயமாக

காட்பாடி,
ஞாயிறு காலை

கண்ணு கதிர்,

நீ அனுப்பிய இரண்டு வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நேர் ஓட்டத்தில் மூக்கு தூக்கித் தூக்கிப் போடுகிறது. திருப்பத்தில் சட்டென்று தண்ணீரைக் குத்திக் கவிழ்கிறது. இரண்டுக்கும் நீ பின்சுவரில் இருக்கும் டிரிம் தகடுகளைத்தான் (படகின் சாய்வைச் சரிசெய்யும் சின்னத் தகடுகள்) திருகிக்கொண்டிருக்கிறாய். அதை இன்றோடு விடு. தகடு கடைசியில் கை வைக்க வேண்டிய இடம். முதலில் இரண்டு தகட்டையும் அடிப்பாகத்தோடு சமமாக்கிவிடு.

படகைக் கவிழ்த்து வை. பின்சுவரிலிருந்து முன்னோக்கி 25 செ.மீ. வரை, நடுமுதுகுக்கு (அடிப்பாகத்தின் நடுவில் ஓடும் மேடு) இரு பக்கமும், முப்பது செ.மீ. ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி வைத்துப் பின்னால் டார்ச் அடி. ஸ்கேலின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடிப்பாகம் குழிந்திருக்கிறது. அது மூக்கைக் கீழே அழுத்தும். ஸ்கேல் ஊஞ்சல் மாதிரி ஆடி, பின்சுவர்ப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்பு பின்பக்கத்தைத் தண்ணீரோடு உறிஞ்சி இழுக்கும், மூக்கு எழும், எடையால் விழும், மறுபடி எழும். உன் படகு துள்ளுவது இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த ஹல் (படகின் உடல்) அது. நம் ஊர் மே மாத வெயிலில் காருக்குள் கிடந்தால் அரை மி.மீ. வளைய ஒரு மத்தியானம் போதும். அரை மி.மீ. தானே என்று நினைக்காதே, அந்த வேகத்தில் அது பெரிய அளவு.

சரிசெய்ய, அந்த இடத்தை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடை. தின்னர் பக்கமே போகாதே, ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். எபாக்சி பட்டியைப் பின்சுவர் ஓரத்தில் கனமாகவும் முன்னோக்கி மெலிந்தும் இழு. ஒரு ராத்திரி காய்ந்ததும் உப்புத்தாளை நேரான மரக்கட்டையில் சுற்றித் தேய். வெறும் விரலால் தேய்த்தால் மறுபடி பள்ளம் விழும். பின்சுவர் ஓரம் கத்தி மாதிரி கூராக நிற்க வேண்டும். ஓரம் உருண்டிருந்தால் தண்ணீர் பிரியாமல் ஒட்டிக்கொண்டு வரும்.

அடுத்தது எடை. பேட்டரி வைத்து, மூடியை டேப் ஒட்டி, ஓட்டத்துக்குத் தயாரான நிலையில் இரண்டு ஆள்காட்டி விரலில் படகைத் தூக்கிப் பார். சமமாக நிற்கும் இடம் பின்சுவரிலிருந்து ஹல் நீளத்தில் 30 சதவீதம் அளவில் வர வேண்டும்; சுக்கானையும் ஸ்ட்ரட்டையும் (ப்ராப்பெல்லர் தண்டைப் பின்னால் தாங்கும் குழாய்) நீளத்தில் சேர்க்காதே. உன்னுடையது 70 செ.மீ., ஆகவே 210 மி.மீ. வீடியோவில் பேட்டரி இருக்கும் இடத்தைப் பார்த்தால் 195 தான் இருக்கும் போலிருக்கிறது. மொத்த எடை இரண்டரை கிலோ, பேட்டரி 500 கிராம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பேட்டரியை 5 மி.மீ. நகர்த்தினால் சமநிலை 1 மி.மீ. தான் நகரும். 15 மி.மீ. வேண்டுமென்றால் பேட்டரி 75 மி.மீ. முன்னால் போக வேண்டும். நீ ஒரு விரற்கடை தள்ளிவிட்டு "மாற்றமே இல்லை" என்று சொன்னது இதனால்தான். ஆனால் 210ஐத் தாண்டி முன்னால் கொண்டுபோகாதே. மூக்கு கனத்தால் திருப்பத்தில் குத்துவது இன்னும் மோசமாகும்.

ஸ்ட்ரட்டை அடிப்பாகத்துக்கு இணையாக வைத்துத் தொடங்கு. ப்ராப் பக்கம் மேலே தூக்கியிருந்தால் உந்துவிசை பின்பக்கத்தை அமுக்கி மூக்கைத் தூக்கும். கீழே இறங்கியிருந்தால் மூக்கு தாழும். மாற்றும்போது ஒரு தடவைக்கு 1 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். ஸ்ட்ரட் முனைக்கும் டிரைவ் டாக்குக்கும் (ப்ராப்பைச் சுழற்றும் பிடி) நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், லோடு ஏறினால் ப்ளெக்ஸ் கேபிள் (மோட்டாரையும் ப்ராப்பையும் இணைக்கும் வளையும் தண்டு) முறுக்கிக் குட்டையாகும். கேபிளை உருவித் துடைத்து கிரீஸ் போடுவதை ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் செய்.

உன் ப்ராப் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது, அதன் எதிர்வினையில் படகு வலது தோளைச் சாய்க்கிறது. பேட்டரியை 5 மி.மீ. இடப்பக்கம் தள்ளு. அப்புறமும் சாய்ந்தால் வலது தகட்டை அரை மி.மீ. இறக்கு. தகடு உதவும் இடம் அது.

இப்போது திருப்பம். சுக்கானின் கீழ்முனையை விரலால் ஆட்டிப் பார். 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் சர்வோ ஹார்ன் (சுக்கானைத் திருப்பும் மோட்டாரின் கை) ஓட்டையோ லிங்க்கேஜோ (இணைக்கும் கம்பி) தேய்ந்திருக்கிறது, அதை மாற்றாமல் வேறு எதையும் தொடாதே. பிளேடு அடிப்பாகத்துக்குச் செங்குத்தாக, முன்விளிம்பு கூராக இருக்க வேண்டும். ரிமோட்டில் சுக்கான் வீச்சைப் பாதியாகக் குறை. திருப்பத்துக்குள் நுழைந்தபின் திராட்டிலை (வேக விசை) முழுதாக விடாதே. விட்டால் மூக்கு இறங்கி அங்கேயே குத்தும். நுழையும் முன்பே கொஞ்சம் தளர்த்தி, அதே அளவைப் பிடித்துக்கொண்டு வெளியே வா.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம். என்ன மாற்றினாய், எத்தனை மி.மீ., என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

பொங்கலுக்கு வரும்போது சதுப்பேரியில் தண்ணீர் இருந்தால் அங்கே விடலாம், காலை ஏழு மணிக்குள், காற்று எழும்பும் முன். வேலூர்க் கோட்டை அகழி வேண்டாம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். ஏரியில் ஆள் இறங்கியிருந்தாலோ மாடு நின்றாலோ படகை எடுக்காதே, ப்ராப் சதையைக் கிழித்துவிடும். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று கரையிலேயே ஸ்டாண்டில் வைத்துச் சோதித்துவிட்டு இறக்கு. பாசி ஏறினால் குளிர்ச்சித் தண்ணீர் ஓட்டை அடைபடும். பக்கவாட்டில் தண்ணீர் பீச்சுவது நின்றால் உடனே கரைக்குக் கொண்டுவா.

பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துக் கொண்டுவா. ப்ராப்பையும் கழற்றி எடுத்துவா, சமமாகச் சுற்றுகிறதா என்று பேலன்சரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்பா