கேள்வி நேரத்தை அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகத் தலைவர்கள் பல்கலைக்கழகங்களில் ஜனநாயகம், மனித உரிமை பற்றி ஆற்றும் சிறப்புரைகள் குறித்த கட்டுரையைப் படித்தேன். யாரை அழைக்கலாம், யாரை அழைக்கக் கூடாது என்பதோடு அது நின்றுவிட்டது. அழைத்த பின் மேடையில் என்ன நடக்கிறது என்பதில்தான் உரையின் பயன் இருக்கிறது.

2007 செப்டம்பர் 24 அன்று ஈரான் அதிபர் அஹ்மதிநெஜாத் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேசினார். பேச்சுக்கு எவ்வளவு நேரமோ கேள்விகளுக்கும் அவ்வளவு நேரம் என்பது பல்கலைக்கழகம் முன்கூட்டியே விதித்த நிபந்தனை. பல்கலைக்கழகத் தலைவர் லீ போலிஞ்சர் அறிமுக உரையிலேயே அதிபரைக் கொடிய சர்வாதிகாரி என்ற பொருள்பட வெளுத்து வாங்கினார். அது தேவையில்லை என்பது என் கருத்து; விருந்தினரை அவமதித்துவிட்டார்கள் என்று சொல்ல அதிபருக்கு வழி கிடைத்துவிட்டது. காரியத்தைச் சாதித்தவர் நெறியாளர் ஜான் கோட்ஸ்வொர்த். பெண்களின் உரிமைகள் பற்றியும், தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு மரண தண்டனை விதிப்பது பற்றியும் கேட்டதற்கு, அதிபர் போதைப்பொருள் கடத்தல்காரர்களைத் தண்டிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டது குற்றவாளிகளைப் பற்றி அல்ல என்று சொல்லி, கேள்வியை மீண்டும் அவர் முன் வைத்தார் கோட்ஸ்வொர்த். அதன் பிறகுதான், உங்கள் நாட்டில் இருப்பது போல ஈரானில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் இல்லை என்ற பதில் வந்தது. ஓர் அரசின் மனநிலையை உலகம் நேரடியாகக் கேட்க முடிந்தது அந்தத் துணைக்கேள்வியால்தான்.

நல்லெண்ணத்தோடு வரும் விருந்தினருக்கும் இது பொருந்தும். 1966 ஜூனில் அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி, நிறவெறியை எதிர்த்த நூசாஸ் மாணவர் அமைப்பின் அழைப்பில் தென்னாப்பிரிக்கா சென்றார். அமைப்பின் தலைவர் இயன் ராபர்ட்சனுக்கு அரசு தடையாணை பிறப்பித்திருந்ததால் அவர் கூட்டத்துக்கே வர முடியவில்லை. கேப் டவுனில் கென்னடி ஆற்றிய உரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் டர்பன் நகரில் கேள்வி நேரத்தில், கறுப்பர்கள் ஏவல் செய்யவே படைக்கப்பட்டார்கள் என்று வாதிட்டவரிடம், கடவுளே கறுப்பராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கென்னடி திருப்பிக் கேட்டது எந்த உரைத்தாளிலும் எழுதி வைத்ததல்ல.

எனவே ஏற்பாட்டாளர்கள் அழைப்புக் கடிதத்திலேயே நிமிடக் கணக்கை எழுத வேண்டும். “பிறகு கேள்விகள்” என்று மட்டும் எழுதினால், பேச்சு நீளும், பாதுகாப்புப் படையினர் அவசரப்படுத்துவார்கள், இரண்டு கேள்விகளோடு நன்றியுரை வந்துவிடும். மொழிபெயர்ப்பும் நேரத்தைத் தின்னும்: பேச்சாளர் நிறுத்தி நிறுத்திப் பேச, மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பகுதியாகச் சொன்னால், 60 நிமிடத்தில் ஏறக்குறைய 30 நிமிடப் பேச்சுதான் கிடைக்கும். காதில் மாட்டும் கருவி வழியே உடனுக்குடன் மொழிபெயர்த்தால் இந்த இழப்பு இல்லை. விருந்தினர் அழைத்துவரும் மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பாமல், மொழி தெரிந்த ஆசிரியர் ஒருவரையும் அருகில் அமர்த்துவது நல்லது.

கேள்விகளை முன்கூட்டியே அனுப்பும்படி தூதரகம் கேட்டால் தலைப்புகளை மட்டும் தரலாம், வாசகங்களைத் தரக் கூடாது. சீட்டில் எழுதி வாங்கும் கேள்விகளைப் பிரிப்பவர் துணைவேந்தர் அலுவலக ஊழியராக இருந்தால் சங்கடமானவை அடியில் போய்விடும். ஆசிரியர் ஒருவரும் மாணவர்கள் இருவரும் சேர்ந்து பிரிக்கட்டும். முன்வரிசைகள் முழுவதையும் பிரமுகர்களுக்கு ஒதுக்கிவிட்டு ஒலிவாங்கியையும் அங்கேயே வைத்தால் மாணவர் யாரும் கேட்க முடியாது. கூட்டம் முடிந்ததும் வெளியிடும் காணொளியில் கேள்விப் பகுதியை வெட்டாமல் வைக்க வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். நிகழ்ச்சி நடந்த பிறகு கேட்டால் தூதரகம் சம்மதிக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி