கீழ்வீட்டு டம்ளர்

நங்கநல்லூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சேது,

நீ போட்ட கடிதம் ஆடியில் வந்தது. இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. வேலை, மழை என்று ஏதாவது காரணம் சொல்லலாம். உண்மை அது இல்லை. மச்சில் நடந்தால் ரெக்கார்டில் ஊசி தாண்டுகிறது, அதிர்வைத் தடுக்க அடியில் என்ன கால் வைக்கலாம் என்று நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் அன்றே ஒரு பதில் இருந்தது, அது தப்பான பதில். எழுதி அனுப்பியிருந்தால் என்னை நம்பி நீயும் அந்த விலையுயர்ந்த கால்களை வாங்கியிருப்பாய். நல்லவேளை, எழுதவில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். ரேவதிக்கு முழங்கால் வலி தேவலை. பையன் சேலத்தில் வேலையில் சேர்ந்துவிட்டான். மீனா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி காலி, அடுத்தது எப்போது என்று ரேவதி கேட்கிறாள். பாலாவைப் போன மாதம் தாம்பரத்தில் பார்த்தேன். அதே சட்டை, அதே கேள்வி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஸ்பீக்கர்கள் உனக்குத் தெரியும். ஒன்று 22 கிலோ. அடியில் நான்கு கூர்மையான ஸ்பைக், டைல்ஸ் கீறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பித்தளை வட்டு. ஸ்பைக் போட்டால் அதிர்வு தரைக்குப் போகாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதை முதலில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஸ்பைக் பெட்டியை ஆடாமல் நிறுத்தும், கம்பளம் இருந்தால் அதைத் துளைத்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். அவ்வளவுதான். அதிர்வைத் தடுக்காது. இரும்பும் பித்தளையும் டைல்ஸும் காங்கிரீட்டும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்தால் அதிர்வுக்கு அது ராஜபாட்டை.

இது எனக்கு உறைத்தது புரட்டாசியில். ஒரு நாள் காலை கீழ்வீட்டுப் பெரியவரின் மகள் படியில் என்னைப் பார்த்து நின்றாள். பெரியவருக்கு இந்த வருஷம்தான் பைபாஸ் ஆனது. "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா கட்டிலை ஹாலுக்கு மாத்திட்டார்" என்றாள். ராத்திரி சத்தம் அதிகமா என்று கேட்டேன். "சத்தம்னு சொல்ல முடியாது. கட்டில் துடிக்குது. தன் நெஞ்சுதான் துடிக்குதோன்னு அப்பா பயந்துக்கறார்" என்றாள்.

அன்று சாயந்தரம் வழக்கமாகக் கேட்கும் அளவிலேயே பாட்டைப் போட்டுவிட்டுக் கீழே போனேன். பாட்டு ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. ஆனால் கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், மேலே சின்ன மூடி. பேஸ் கிட்டார் வரும் இடங்களில் அந்த மூடி லேசாகக் கிணுகிணுத்தது. மூடியை எடுத்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள், வந்து வந்து மறைந்தன. பெரியவர் ஹாலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "பரவாயில்லை சார், நான் இங்கேயே படுத்துக்கறேன்" என்றார். சேது, அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எட்டு மாதமாக ஒரு மனிதர் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், மேலே நான் கண்ணை மூடிக்கொண்டு ரசித்திருக்கிறேன்.

மறுநாளே வேலையில் இறங்கினேன். வாஷிங் மெஷினுக்கு அடியில் போடும் கனமான ரப்பர் பேடுகள் எட்டு வாங்கி வந்து, ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு வைத்தேன். போனில் ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது, இலவசம். போனைத் தரையில் வைத்தால் அதிர்வைக் கோடாகப் போட்டுக் காட்டும். 40 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 40 தடவை அதிரும் ஒலியை ஓட விட்டுப் பார்த்தேன். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41, அதனால்தான் 40. அதிர்வு குறையவில்லை. ஸ்பைக் இருந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது!

ஏன் என்று புரிய ஒரு வாரம் ஆனது. ஒரு ரப்பர் பேண்டில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடு. கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் கல்லும் கூடவே வரும். கொஞ்சம் வேகமாக்கினால் ஒரு கட்டத்தில் கல் கையைவிட அதிகமாகக் குதிக்கும், அது அந்தக் கல்லும் ரப்பரும் சேர்ந்த சொந்தத் தாளம். இன்னும் வேகமாக ஆட்டு, கை மட்டும் துடிக்கும், கல் அப்படியே நிற்கும். அந்த மூன்றாவது நிலைதான் நமக்கு வேண்டியது. ஆட்டும் வேகம் சொந்தத் தாளத்தைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் தடுப்பே ஆரம்பம். அதற்குக் கீழே ரப்பர் உபகாரம் செய்யாது, உபத்திரவம்தான்.

அந்தத் தாளத்தைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். பாரம் ஏற்றியதும் கால் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பார். அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் வந்துவிடும். கல்லூரி லேபில் இருந்து நீ கொண்டுபோன வெர்னியர் அளவுகோல் இப்போதாவது உபயோகப்படட்டும். 60, 70 கிலோ மெஷினுக்கான பேடின் மேல் என் 22 கிலோ ஏறியபோது அது அமுங்கியது 0.3 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 29 ஹெர்ட்ஸ். அதன் 1.4 மடங்கு 40-க்கு மேலே போய்விடுகிறது. நான் தடுக்க நினைத்த ஒலியை நானே தூக்கி விட்டிருக்கிறேன்.

அப்புறம் எதிர்ப்பக்கம் போனேன். மெத்தென்ற ஸ்பாஞ்ச் துண்டுகள். அவை முழுசாக நசுங்கிக் கட்டியாகிவிட்டன, ஸ்பீக்கரும் மூக்குக்குத்தலாகச் சாய்ந்தது. உள்ளே காந்தமெல்லாம் முன்பக்கம்தானே இருக்கிறது, முன்கால்களுக்குப் பாரம் அதிகம். மூன்றாவதாகத்தான் சரியானது கிடைத்தது: பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரிப் பொருளில் செய்த அரைக்கோளக் கால்கள். ஒவ்வொன்றும் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை தாங்கும் என்று போட்டே விற்கிறார்கள். பின்னால் மென்மையானது, முன்னால் ஒரு படி கெட்டியானது. இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கியது. கணக்குப்படி 10 ஹெர்ட்ஸ். ரப்பர் வகைகள் அதிரும்போது கொஞ்சம் விறைப்பாகிவிடும், ஆகவே 14 என்றே வைத்துக்கொள். விலை நீ அனுப்பிய பட்டியலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. பாட்டி பானைக்கு அடியில் பிரிமணை வைப்பாளே, பானைக்குத் தகுந்த பிரிமணை என்று தேடி எடுப்பாளே, கிட்டத்தட்ட அந்தக் காரியம்தான் இது.

கணக்குப்படி 40 ஹெர்ட்ஸில் தரையின் அதிர்வு ஏழில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். உண்மையில் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைந்தது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? ரேவதி பார்த்துக்கொண்டிருக்க, படுக்கையறை மெத்தையை இழுத்து வந்து இரண்டாக மடித்து, ஸ்பீக்கரை அதன் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். போனில் அதே அளவு. அப்படியென்றால் மிச்சம் கால் வழியாகப் போகவே இல்லை. ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுகிறது, காற்று நேராகத் தளத்தை அமுக்குகிறது. அதற்கு எந்தக் காலும் மருந்து ஆகாது. விற்பவர்கள் இதைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டரை அடி வெளியே இழுத்தேன். மூலைச் சுவர்கள் தாழ்ந்த ஒலியை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தன. ஒன்பது மணிக்கு மேல் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறேன். இப்போது மிருதங்கத்தின் தொப்பியும் பேஸும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாக விழுகின்றன. ஆனால் அந்தத் தெளிவுக்குப் பெரும்பங்கு மூலையை விட்டு வந்ததால் கிடைத்தது என்றே நினைக்கிறேன், கால்களுக்கு முழுப் பெருமையும் கொடுக்க மாட்டேன். ஆம்ப்ளிபயருக்கு அடியிலும் நான்கு வைத்துப் பார்த்தேன். மருமகனைத் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிக் கேட்டேன். பத்துத் தடவையில் ஐந்து சரி. அதற்குப் பைசா செலவழிக்காதே.

இப்போது உன் பிரச்சனை. மச்சில் மீனா நடந்தால் ரெக்கார்டில் ஊசி தாண்டுகிறது, என்ன கால் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். டர்ன்டேபிளுக்கு எந்தக் காலும் வாங்காதே. என் வீடு காங்கிரீட் தளம், உன்னுடையது தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். நடக்கும்போது அந்தத் தரை முழுக்க மெதுவாக ஊசலாடுகிறது, வினாடிக்கு இரண்டு மூன்று தடவை. அந்த வேகத்தில் ரப்பர் கால் தரையோடு சேர்ந்தே ஏறி இறங்கும், கையும் கல்லும் முதல் நிலையில் ஆடினதுபோல. இன்னொன்றும் இருக்கிறது. டர்ன்டேபிளின் கையும் அதன் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 8-லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் தங்கள் சொந்தத் தாளத்தில் ஆடும். 10 ஹெர்ட்ஸ் ரப்பரை அடியில் கொடுத்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். 1961-ல் எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் டர்ன்டேபிளின் சுழலும் தட்டையும் கையையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். சுத்தியால் தட்டினாலும் ஊசி அசையாது என்று காட்டுவார்கள். அது மிகத் தாழ்ந்த தாளத்துக்காகவே கணக்கிட்டுச் செய்த ஸ்பிரிங், கடையில் கிடைக்கும் ரப்பர் அந்த வேலையைச் செய்யாது.

நீ செய்ய வேண்டியது, தெருப்பக்கத்துக் கனத்த சுவரில் இரண்டு இரும்பு பிராக்கெட் அடித்து, மேலே பலகை போட்டு டர்ன்டேபிளை ஏற்றிவிடு. சுவர் நடப்பதில்லை. அதற்கு முன் ஒரு சோதனை: மோட்டாரை நிறுத்திவிட்டு, நின்ற ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்கி, வால்யூமை மிதமாக வைத்து, மேசையை விரலால் தட்டிப் பார். ஸ்பீக்கரில் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவும் உன் பாட்டில் கலந்துகொண்டிருக்கிறது. சுவருக்கு மாற்றிய பிறகும் அதேபோல் தட்டிக் கேள்.

உன் வால்வு ஆம்ப்ளிபயர் வேறு கதை. வால்வின் கண்ணாடிக்குள் இருக்கும் கம்பிகள் அதிர்ந்தால் அந்த அதிர்வே சத்தமாகிவிடும், பென்சிலால் மெல்லத் தட்டினாலே தெரியும். அதற்கு நான்கு மென்கால் வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் உன் மாதிரித் தரையில் என் வீட்டைவிட அதிகப் பலன் இருக்கும், தரையே ஒரு தோல்வாத்தியம்போல உடன் முழங்குகிறதே. ஆனால் எடை தெரியாமல் வாங்காதே. அரிசி மண்டித் தராசில் வைத்துப் பார்த்து, முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுது. தேக்குப் பலகையில் நேராக வைத்தால் சில மென்ரப்பர்கள் எண்ணெய்க் கறைபோல வட்டம் பதிக்கும், அடியில் மெல்லிய தகடு ஒன்று போட்டுக்கொள்.

போன வெள்ளிக்கிழமை கீழே போனேன். கட்டில் பழைய அறைக்கே வந்துவிட்டது. மேலே ரேவதி பாட்டைப் போட்டாள். பெரியவரும் நானும் முக்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூடி கிணுகிணுக்கவில்லை. தண்ணீரில் உற்றுப் பார்த்தால் ஒரு கோடு, பேஸ் ஏறும் இடத்தில் மட்டும். "இது போதும் சார்" என்றார். எனக்குப் போதவில்லை, கோடை விடுமுறைக்குள் அவர் அறைக் கூரையில் ஏதாவது செய்ய முடியுமா என்று ஒரு பொறியாளரைக் கேட்டிருக்கிறேன்.

தராசு எண்களை உடனே எழுது. மென்கால் ஒரு ஜோடி இங்கே மீதி இருக்கிறது, உன் எடைக்குப் பொருந்தினால் தையில் கும்பகோணம் வரும்போது கொண்டுவருகிறேன். ஊறுகாய் ஜாடியையும்.

உன்,
முரளி