2024 செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருஷம் பூராவும் கூரை வேலதான்

தலைவர் ஐயாவுக்கும் செயலவைக்கும், மலேசியா சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பட்டறைக்கார அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா எழுதுறத மொதல்ல சொல்லிடறேன். செயலவைக் கூட்டம் ஆறு தடவ நடந்துச்சு, புதுசா மூணு பட்டறை சேர்ந்திருக்கு, தளவாடம் செய்யற பெரியவர் ஒருத்தர் வயசாயிடுச்சுன்னு கடைய மகன்கிட்ட குடுத்துட்டாரு, ஆயுத பூஜைய எப்பவும் போல எல்லாரும் ஒண்ணா சேர்ந்து செஞ்சோம். அவ்ளோதான். மிச்சம் இருக்கற வருஷம் பூராவும் நாம பேசுனது கூரை, கூரை, கூரை.

அதுல ரொம்ப வலிச்சது எதுன்னு எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்ன ஒரு சாயங்காலம் மழ ஊத்துச்சே, அன்னிக்கு நம்ம முறுக்கு அக்கா பட்டறையில டப்பாவுல அடைச்சு அடுக்கி வச்சிருந்த ஆர்டர் பாதிக்கு மேல நனைஞ்சு போச்சு. நான் போறப்ப அக்கா பேசவே இல்ல, மாவு மூட்டைய மட்டும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அன்னிக்கு ராத்திரியே நாலஞ்சு பேரு ஓட்டை அடைக்கற சிலிக்கோன் டியூப் எடுத்துக்கிட்டு ஏணி போட ரெடியாயிட்டாங்க, நல்ல மனசுதான், ஆனா மறுநாள் மேல ஏறிப் பாத்தா கூரையில ஒரு ஓட்டையும் இல்ல. தகரம் நல்லா இருக்கு, ஸ்குரூ நல்லா இருக்கு. தண்ணி வந்தது ரெண்டு பட்டறையோட கூரையும் முதுகோட முதுகு சேர்ற எடத்துல இருக்கற நடுக் கட்டர்லேர்ந்து, அதான் கூரைத் தண்ணி ஓடற கால்வாய். அதுக்கு ரெண்டு மொனையிலயும் ஒவ்வொரு டவுன்பைப், தண்ணி கீழ எறங்கற குழாய், அதுல ஒண்ணு ரோட்டோர அங்சானா மரத்து எலை அடைச்சு கல்லு மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. வெளிய வழிஞ்சு போக வழி வைக்கல. அப்ப தண்ணி எங்க போகும், கட்டரோட உதட்டத் தாண்டி நேரா உள்ளதான்.

கம்போங் ஜாவா ரோட்டுல இருக்கற பட்டறைக்காரரோட மக ஒண்ணு ஈப்போவுல கட்டட இன்ஜினியரா இருக்கு, லீவுல வந்தப்ப நம்ம கூட்டத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பேசுச்சு. அந்தப் புள்ள சொன்ன ஒரு கணக்கு எனக்கு இன்னும் மண்டையில ஓடுது. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழ பெஞ்சா சரியா ஒரு லிட்டர் தண்ணி. முறுக்கு அக்கா கூரையும் பின்னால இருக்கற கூரையும் சேர்ந்தா அந்த நடுக் கட்டருக்கு 800 சதுர மீட்டர் தண்ணி வருது. நம்ம ஊர் சாயங்கால மழ வேகமா கொட்டற கொஞ்ச நேரம் மணிக்கு 240 மில்லிமீட்டர் வேகத்துல கொட்டுச்சுன்னு வச்சுக்குங்க, நிமிஷத்துக்கு 4 மில்லிமீட்டர், அப்ப 800 சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்கு 3,200 லிட்டர். நம்ம பட்டறைங்கள்ள நிக்கிற 200 லிட்டர் எண்ணெய் டிரம் இருக்கே, அது 16 டிரம், ஒவ்வொரு நிமிஷமும். இத்தன தண்ணியும் நாலு அங்குல பைப்பு ரெண்டுல போகணும்னு நாம எதிர்பாத்திருக்கோம், அதுலயும் ஒண்ணு அடைப்பு.

இத மொதல்லயே யோசிச்சு எழுதி வச்சிருக்காங்கங்கறதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. ஜேபிஎஸ், அதான் வடிகால் இலாகா, மசுமான்னு சொல்ற சாலிரான் மெஸ்ரா ஆலாம், அதான் இயற்கைக்கு ஒத்துப்போற வடிகாலுக்கான கையேடு ஒண்ணு 2000-ல போட்டாங்க, ரெண்டாவது பதிப்பு 2012-ல வந்துச்சு. அதுல கூரைத் தண்ணிக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. கூரை ஓரத்துல வெளிய தொங்கற கட்டருன்னா 20 வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற மழையத் தாங்கணும், ரெண்டு கூரைக்கு நடுவுல உள்ள மாட்டிக்கிட்ட கட்டருன்னா 100 வருஷ மழையத் தாங்கணும், ரெண்டுக்குமே அஞ்சு நிமிஷ மழ வேகத்துலதான் கணக்குப் போடணும். 100 வருஷ மழன்னா 100 வருஷத்துக்கு அப்புறம் வரும்னு அர்த்தம் இல்ல, எந்த வருஷம் வேணும்னாலும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். ஏன் நடுக் கட்டருக்கு மட்டும் இவ்ளோ கடுமைன்னா வெளிக் கட்டர் நிரம்புனா தண்ணி மண்ணுல விழும், நடுக் கட்டர் நிரம்புனா சரக்கு மேல விழும். இத நான் கூட்டத்துல ரெண்டு தடவ சொன்னேன், இங்கயும் எழுதி வைக்கிறேன். தீபகற்பத்துலயே மழ அதிகமான ஊர்னு பேர் எடுத்த தைப்பிங் நமக்குப் பக்கம், நாம மழைய லேசா எடுத்துக்கற எடத்துல இல்ல.

இப்ப வெளிச்சத்துக்கு வர்றேன், இது என் சொந்த வயித்துப்பாடும்கூட. நான் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கறவ, கருநீலத் துணிக்கு கருப்பு நூலு போட்டுட்டா அந்த டியூப்லைட்டுக்குக் கீழ தெரியவே தெரியாது, வெளிய தூக்கிட்டு வந்து பாத்தாத்தான் தெரியும். என் பட்டறையில 30 டியூப், ஒண்ணு 36 வாட், நாளுக்கு எட்டு மணி நேரம் எரிஞ்சா எட்டரை யூனிட்டுக்கு மேல, அதுவும் வெளிய வெயில் காயற நேரத்துல. எங்கம்மா தோட்டத்து ரப்பர் ஸ்டோர்ல சீட் தரம் பிரிச்சவங்க. பொகை போட்ட சீட்ட வெளிச்சத்துக்கு எதிர தூக்கிப் பிடிச்சு குமிழி இருக்கா, தூசி இருக்கா, கறை இருக்கான்னு கண்ணாலயே பாத்து ஒண்ணாம் நம்பர் ரெண்டாம் நம்பர்னு பிரிக்கணும், ஆர்எஸ்எஸ்னு பொகை போட்ட ரப்பர் சீட்டுக்குச் சொல்ற தரம் எல்லாம் அப்படிக் கண்ணால பாத்துப் போட்டதுதான். அந்த ஸ்டோர்ல நடு முகட்டுக்கு மேல இன்னொரு சின்னக் கூரை தூக்கி வச்சிருக்கும், ரெண்டு பக்கமும் இடைவெளி, பட்டப்பகல்ல லைட்டே போட மாட்டாங்க, ஆனா தலையில வெயிலும் படாது, சூடும் மேல ஏறிப் போயிடும். ஜாக் ரூஃப்னு கன்ட்ராக்டருங்க சொல்றது அதுதான். சின்னப் புள்ளையில அம்மாவுக்கு சோறு கொண்டு போறப்ப அந்த வெளிச்சத்துல நிக்க எனக்கு அவ்ளோ பிடிக்கும்.

நாம என்ன பண்றோம்னா தட்டையான கூரை போட்டுட்டு நடுநடுவுல வெளிச்சம் உள்ள வர்ற கிளியர் ஷீட் சொருகுறோம். வேணாம்னு சொல்லல, செலவு கம்மி, ஆனா அளவு தெரியாம போட்டுடறோம். வெளிச்சத்த லக்ஸ்லதான் அளக்கறாங்க, நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் பக்கம் போகும், தையலுக்கு 750 லக்ஸ் இருந்தா நல்லா போதும், அப்ப கூரைய அகலமாத் தொறந்து விட்டா வர்றது வெளிச்சம் இல்ல, அடுப்பு. சின்னச் சின்னப் பட்டையா பரவலாப் போடணும், ஒண்ணுக்கொண்ணு இருக்கற தூரம் கூரை உயரத்துல ஒன்றரை மடங்குக்கு மேல போகக் கூடாது, இல்லாட்டி ஒரு எடம் பளிச்சுன்னும் அடுத்த எடம் குகை மாதிரியும் இருக்கும், அதுல நடக்கறவங்க கண்ணு தடுமாறும். ஃபைபர்கிளாஸ் ஷீட் வெயில்ல மஞ்சளாகி, நார் வெளிய வந்து, தூசி பாசி எல்லாம் புடிச்சுக்கும். பாலிகார்பனேட் கொஞ்சம் மேல், ஆனா வெயில் தாங்கற பூச்சு இருக்கற பக்கந்தான் மேல் பக்கமா வரணும், ஸ்டிக்கரப் பாக்காம திருப்பிப் போட்டா சீக்கிரமே மஞ்சளாகி உடையும். இன்னொரு விஷயம், பாலிகார்பனேட் இரும்ப விட அஞ்சு மடங்குக்கு மேல விரியும், மூணு மீட்டர் ஷீட்டு ராத்திரிக் குளிருக்கும் மத்தியான சூட்டுக்கும் நடுவுல 8 மில்லிமீட்டர் வரைக்கும் நகரும். ஸ்குரூ ஓட்டைய ஸ்குரூவ விடப் பெருசாப் போட்டு வாஷர் வைக்கலன்னா ஓட்டையச் சுத்தி வெடிக்கும், அப்புறம் அங்கதான் சொட்டும். நம்ம கூரைங்கள்ள நான் பாத்த சொட்டு பாதி இந்த எடத்துலதான். வெளிச்சத்துக்குப் போடற ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கும் ஒரு வாசல், இத மறந்துட்டுத்தான் வருஷா வருஷம் சிலிக்கோன் அடிக்கறோம்.

இந்த வருஷத்துல எனக்குத் தூக்கம் கெட்ட நாள் ஒண்ணு இருக்கு, அத எழுதாம இருக்க முடியல. மார்ச் மாசம் ஒரு பட்டறையில கட்டர் சுத்தம் பண்ண ஏறுன பையன், இருபது வயசுகூட இருக்காது, பழைய கிளியர் ஷீட்டு தகரத்தோட நிறத்துக்கே அழுக்கேறிப் போயிருந்ததால தெரியாம கால வச்சுட்டான். ஒரு கால் தொடை வரைக்கும் உள்ள போயிடுச்சு, நல்ல வேளை பர்லின் கம்பியில, அதான் தகரத்தத் தாங்கற குறுக்குக் கம்பியில, கை மாட்டுச்சு, கீழ சிமெண்டுத் தரை, இருபது அடி. அவங்க அம்மா என் கூடத் தோட்டத்துப் பள்ளியில படிச்சவங்க. அதுக்கப்புறம் செயலவையில முடிவு பண்ணிட்டோம், யாரு புதுசா கிளியர் ஷீட்டு போட்டாலும் அடியில கம்பி வலை போட்டுட்டுத்தான் போடணும், மேல ஏறுனா பர்லின் மேல பலகை போட்டு நடக்கணும், எந்தெந்த எடத்துல ஷீட்டு இருக்குன்னு சுவத்துல வரைஞ்சு ஒட்டணும். வலைக்கு ஆகற காசு அதிகம்னு ரெண்டு பேரு சொன்னாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

நம்ம சங்கத்தோட பொதுப் பட்டறை கட்டடத்துக்கு கூரை எப்படிப் போடறதுன்னு மூணு கூட்டம் பேசுனோம், சத்தம் கொஞ்சம் அதிகமாத்தான் போச்சு. தம்பிங்க ரம்பப் பல்லு மாதிரி வரிசையா நிக்கிற சாடூத் கூரை வேணும்னு படம் எல்லாம் கொண்டு வந்தாங்க, பாக்க அழகுதான். ஆனா அந்தக் கூரை இங்கிலாந்து மாதிரி ஊர்ல துணி மில்லுங்களுக்குன்னு வளந்தது, அங்க மத்தியான சூரியன் எப்பவும் தெக்கால நிக்கும், அதனால கண்ணாடிய வடக்கால வச்சா வெயில் படாம வெளிச்சம் மட்டும் வரும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கால அஞ்சு டிகிரிக்குள்ள, வருஷத்துக்கு ரெண்டு தடவ சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல போகுது, ஜூன் மாசம் வடக்கால சாயுது, டிசம்பர்ல தெக்கால சாயுது. அப்ப வடக்குங்கறது நமக்கு பாதுகாப்பு இல்ல. அதவிட முக்கியமா ஒவ்வொரு பல்லுக்கும் நடுவுல ஒரு பள்ளம், ஒவ்வொரு பள்ளத்துலயும் ஒரு நடுக் கட்டர். முறுக்கு அக்கா பட்டறையில ஒரு கட்டருக்கே இவ்ளோ பாடுன்னா ஆறு கட்டருக்கு யாரு ஏறி எலை பொறுக்கறது?

கடைசில ஜாக் ரூஃபுக்கே ஓட்டு விழுந்துச்சு. கட்டடம் 12 மீட்டருக்கு 24 மீட்டர், 288 சதுர மீட்டர். 1984 கட்டடச் சட்டத்துல தரை அளவுல பத்துல ஒரு பங்கு வெளிச்சத்துக்கும், அதுல பாதி காத்துக்கும் ஜன்னல் வேணும்னு இருக்கு, அத மனசுல வச்சுக்கிட்டு முகட்டுல 18 மீட்டர் நீளத்துக்கு 90 சென்டிமீட்டர் உயரம், ரெண்டு பக்கமும் சேர்த்து 32 சதுர மீட்டர் வெளிச்சம் வருது, சுவத்து ஜன்னல் தனி. முகடு கிழக்கு மேற்கா ஓடுது, அதனால வெளிச்சம் வர்ற பக்கம் வடக்கும் தெக்கும், காலையில சாயங்காலம் சாஞ்சு அடிக்கற வெயில் நேரா உள்ள வராது. மத்தியான வெயில மறைக்க வடக்குப் பக்கம் ஒரு அடி கூரை எறப்பு, தெக்குப் பக்கம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல இருந்தா போதும்னு அந்த இன்ஜினியர் புள்ள கணக்குப் போட்டுக் குடுத்துச்சு, நாங்க சாரலையும் மத்த நேரத்து வெயிலையும் நெனச்சு ரெண்டு பக்கமும் ரெண்டு அடி வச்சிருக்கோம். தண்ணி பூராவும் வெளிப் பக்கமாத்தான் விழும், உள்ள ஒரு கட்டரும் இல்ல. பிளான் மஜ்லிஸ்ல, அதான் நகராண்மைக் கழகத்துல, குடுத்தாச்சு.

இடிச்சுக் கட்ட முடியாதவங்க என்ன பண்றதுன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி. நடுக் கட்டரோட மொனைச் சுவத்துல, கட்டர் உதட்ட விடக் கொஞ்சம் கீழ, ஒரு வழிசல் வாய் வெட்டுங்க, அடைச்சுக்கிட்டா தண்ணி வெளிய கொட்டும், கீழ நிக்கறவங்க கண்ணுக்கும் தெரியும் ஏதோ அடைச்சிருக்குன்னு. பைப்ப ஆறு அங்குலமாக்குங்க, முடிஞ்சா நடுவுல இன்னொண்ணு எறக்குங்க. பைப் வாயில தட்டையா வலை வைக்காதீங்க, ஒரே எலை விழுந்தா மூடிக்கும், கூம்பு மாதிரி நிக்கறது வைங்க. முறுக்கு அக்கா பட்டறையில இத நவம்பர்ல செஞ்சோம், வெல்டிங் பட்டறை அண்ணன் கூலி வாங்கல, அதுக்கப்புறம் பெஞ்ச மழையில ஒரு சொட்டு உள்ள வரல. கட்டர்ல தேங்குன தண்ணியில ஏடிஸ் கொசு முட்ட போட்டா ஒரு வாரம் பத்து நாளுல கொசு பறந்துடும், டெங்கிக் காய்ச்சல் வந்து படுத்தவங்க நம்மள்லயே இருக்காங்க, அதனால இது சரக்கு நனையற விஷயம் மட்டும் இல்ல.

கணக்கு விவரம் பொருளாளர் தனியாப் படிப்பாரு. கூரை நிதிக்கு தரேன்னு சொல்லி இன்னும் தராதவங்க பேர நான் எழுதல, ஆனா பிளான் பாஸானதும் மொதல் தவணை கட்டணும், மார்ச்சுக்குள்ள குடுத்துடுங்க. ஆர்ஓஎஸ், அதான் சங்கப் பதிவு இலாகாவுக்குக் குடுக்கற அறிக்கை, இந்தக் கூட்டம் முடிஞ்சு அறுபது நாளுக்குள்ள போகணும், முகவரி மாத்துனவங்க என்கிட்ட சொல்லுங்க. இடி மழ ஏப்ரல்லயும் அக்டோபர்லயும்தான் நமக்கு அதிகம், அதனால எல்லாரும் சேர்ந்து கட்டர் சுத்தம் பண்ற கோத்தோங்-ரோயோங் மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையும் செப்டம்பர் கடைசி ஞாயித்துக்கிழமையும், காலையில ஏழரைக்கு. ஏணி, பலகை, சேஃப்டி பெல்ட் இருக்கறவங்க கொண்டு வாங்க. பெல்ட் இல்லாம யாரும் மேல ஏறக் கூடாது, கீழ நின்னு எலை மூட்டை வாங்கறதுக்கும் ஆளு வேணும். பசியாறல் முறுக்கு அக்கா தர்றேன்னு சொல்லியிருக்காங்க.

செயலாளர்