மீன் விடும் முன் நீர் நிலைக்கட்டும்

காத்ர் போர்ன், மொரீசியஸ்

அன்புள்ள ஆறுமுகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் அரங்கேற்றம் டர்பனில் நன்றாக நடந்தேறியதை அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். மீனும் பவளமும் வளர்த்த உன் கடல்நீர்த் தொட்டியும் மின்வெட்டில் அழிந்துவிட்டது என்றும், தீபாவளிக்குள் மீண்டும் மீன் விட விரும்புகிறாய் என்றும் எழுதியிருந்தாய். பொறுத்திரு என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது இங்கும் மின்சாரம் நின்றது. பம்ப் ஓடாததால் என் தொட்டி நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் இறந்தன; அவை அழுகியதில் அம்மோனியா ஏறிப் பவளங்களும் போயின. மழைக்குப் பின் ஆறுகள் லகூனில் (பவளப்பாறைக்கு உட்பட்ட ஆழமற்ற கடலில்) மண்ணையும் நன்னீரையும் கொண்டுவந்து சேர்ப்பதால், கடல்நீரை எடுக்காமல் ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த நீரில் கடல் உப்புக் கலந்து, உவர்ப்பை லிட்டருக்கு 35 கிராம் அளவில் நிறுத்தினேன். தொட்டிப் பாறைகளில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா மீண்டுவிட்டதா என்று அறிய, அம்மோனியம் குளோரைடு சேர்த்து அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரை ஏற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. ஒரு நாளுக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் பாக்டீரியா தயார் என்று கொள்ளலாம்.

ஆனால் நீர் தயார் என்று அதற்குப் பொருள் இல்லை. காரத்தன்மையைத்தான், அதாவது நீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் ஆகியவற்றின் அளவைத்தான், நீ உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். பவளமே இல்லாத தொட்டியில் அதைச் செலவழிக்க ஏறக்குறைய யாரும் இல்லை, 8 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) என்று நிறுத்தினால் அது அங்கேயே நிற்க வேண்டும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதில் சிறிது குறையும் என்பது உண்மைதான், 50 பி.பி.எம். நைட்ரேட் உருவானால் 2.3 டி.கே.எச். போகும். என் தொட்டியில் அதற்கும் மேலாகக் குறைந்துகொண்டே போனது. மெக்னீசியத்தை அளந்தபோது, கடலில் ஏறத்தாழ 1,280 பி.பி.எம். இருக்க வேண்டியது 1,100 தான் இருந்தது. கால்சியம் கார்பனேட் படிகமாக வளர்வதைத் தடுப்பது மெக்னீசியமே. அது குறைந்ததால் நீரிலிருந்த கார்பனேட், சுண்ணாம்பாக மாறி ஹீட்டரிலும் பம்பிலும் வெண்மையாகப் படிந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் காரத்தன்மையை ஏற்றச் சமையல் சோடாவைக் கொட்டினால் படிவுக்குத்தான் தீனி போட்டிருப்போம். மெக்னீசியத்தைச் சிறிது சிறிதாக 1,300க்கு உயர்த்தி, ஹீட்டரை வினிகரில் ஊறவைத்துக் கழுவிய பின்பே வீழ்ச்சி நின்றது.

அதன் பிறகு சோடா சேர்க்கலாம்: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டி.கே.எச். உயரும், ஒரே நாளில் அதற்கு மேல் உயர்த்தாதே. தொட்டி காலியாக இருக்கும் இந்தக் காலத்தில்தான் நீரின் இயல்பான போக்கைத் தனியாகப் பார்க்க முடியும். பவளங்கள் வந்துவிட்டால் எந்தக் குறைவுக்கு எது காரணம் என்று பிரித்தறிவது கடினம்.

பாஸ்பேட்டைப் பூஜ்யத்துக்குத் துரத்த வேண்டாம், 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை போதும். முதலில் நத்தைகள், பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன், அதற்குப் பின் மென்பவளங்கள், கடைசியில் அக்ரோபோரா என்ற கடினப் பவளம் என்று போகலாம். லகூனில் பவளம் எடுப்பது இங்கே சட்டப்படி குற்றம், அது மிகவும் நியாயமானது. ஆகவே நண்பர்கள் தங்கள் தொட்டிகளில் வளர்த்த துண்டுகளையே வாங்கப்போகிறேன்.

ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில், காரத்தன்மையையும் மெக்னீசியத்தையும் அளந்து எனக்கு எழுது. எண்களைப் பார்த்த பிறகு மீனைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
சுப்பிரமணியம்