பைக்கில் கால் வைக்கும் இடத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பைக் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், விலை பேசுகிறார்கள், ஆனால் கால் எங்கே உட்காருகிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மன்னார்குடி, திருவாரூர் பக்கம் தினமும் வண்டி ஓட்டுகிற பலருக்கும் இடுப்பு வலி, முட்டி வலி. எல்லாவற்றுக்கும் ரோட்டையே திட்டுகிறோம்.

ஃபுட்ரெஸ்ட் ரொம்ப முன்னால் இருந்தால் உடம்பின் பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும், பள்ளம் வந்தால் காலை ஊன்றி லேசாக எழும்பவும் முடியாது. ரொம்பப் பின்னால், உயரத்தில் இருந்தால் முட்டி மடங்கியே கிடக்கும், மணிக்கட்டும் வலிக்கும். நம் ஊர் வாய்க்கால் கரை ரோடுகளுக்கு, ஃபுட்ரெஸ்ட் நடுவாக்கில் இருப்பதுதான் சரி என்பது என் கருத்து. செருப்போடு ஓட்டுகிறவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் மிதிக்கிற கியர் லீவர் நல்லது, விரலை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டியதில்லை.

இருக்கிற வண்டியிலேயே கொஞ்சம் மாற்றலாம். கியர் ஷாஃப்ட்டில் பல் பல்லாக இருக்கும், போல்ட்டைக் கழற்றி லீவரை ஒரு பல் தள்ளி மாட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பிரேக் பெடலின் உயரத்தையும் பல வண்டிகளில் மாற்றலாம். அப்புறம் ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) சரியாக இருக்கிறதா, பெடலை மிதித்தால் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

புது வண்டி கொடுக்கும்போதே ஓட்டுபவரை உட்கார வைத்து இதைச் சரிசெய்து கொடுக்க ஷோரூம்காரர்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி