ஒரு குடம் தண்ணீர்

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. படம் மட்டும் அனுப்பினால் "சூப்பர்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் ஸ்டோக் ரோ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனான். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மேல் இருக்கிற சின்ன ஊர். 1846-இல் சிக்கிமுக்கிக் கல்லால் கட்டிய ஒரு தேவாலயம், கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். திடீரென்று சாலையோரத்தில் ஒரு குவிமாடம்! 23 அடி உயரம், இரும்புத் தூண்கள், உள்ளே தங்க நிறத்தில் ஒரு யானை. ஏதோ சந்நிதி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றப் போய்விட்டேன். உன் அண்ணன் இன்னும் சிரிக்கிறான்.

அது கிணறு. காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் செய்த தருமம். அந்தக் குன்று முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையெல்லாம் சல்லடையில் ஊற்றியது போலக் கீழே போய்விடும். மேலே களிமண் குழியில் தேங்கிய கலங்கல் தண்ணீரைத்தான் ஜனங்கள் குடித்திருக்கிறார்கள். எட்வர்ட் ரீட் என்று ஒரு அதிகாரி, இந்தப் பக்கத்துக்காரர், நம் நாட்டில் வேலை பார்த்தவர். ஊர்க் கஷ்டத்தை ராஜாவிடம் சொல்லியிருக்கிறார். ராஜாவும் பணம் கொடுத்துவிட்டார்.

1863-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். அகலம் நாலே அடி. ஆழம் எவ்வளவு தெரியுமா? 368 அடி! தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும் இன்னும் 150 அடி மிச்சமிருக்கும். அத்தனையும் கையால் தோண்டியது. 1864 மே 24, விக்டோரியா ராணி பிறந்தநாளில் திறந்திருக்கிறார்கள். ஒரு வாளி மேலே வர, கைப்பிடியைப் பத்து நிமிஷம் சுற்ற வேண்டுமாம். ஆனால் தண்ணீர் எல்லாருக்கும் இலவசம். பராமரிப்புச் செலவுக்குப் பக்கத்திலேயே ஒரு செர்ரித் தோட்டம், காவல்காரருக்கு எட்டு மூலை உள்ள ஒரு குட்டி வீடு. ஏறக்குறைய எழுபது வருஷம் ஊரே இதில்தான் தண்ணீர் இறைத்திருக்கிறது. 1964-இல் நூற்றாண்டு விழாவுக்குக் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து இதில் ஊற்றினார்களாம்.

உன் அப்பா இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். 1860-61-இல் ஆக்ரா, டெல்லிப் பக்கமெல்லாம் பஞ்சம். 1857 கலகத்தில் இந்த ராஜா வெள்ளைக்காரன் பக்கம் நின்றவர். இது தருமமா, விசுவாசக் காணிக்கையா என்று கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான். எனக்கு ஆனால் மனசு வேறொன்றில் மாட்டிக்கொண்டது.

ரீட் ராஜாவிடம் சொன்னதாக ஒரு கதை இருக்கிறது. இந்தக் குன்றில், கடும் வறட்சியில், வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனை அவன் அம்மா அடித்தாளாம். உன் அண்ணன் அதை வாசித்துச் சொல்லிவிட்டு யானையைப் படமெடுக்கப் போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன்.

2003, சைதாப்பேட்டை வீடு. லாரித் தண்ணீருக்கு ரெண்டு மணி நேரம் நின்று பிடித்த குடத்தை வாசற்படியில் நீ கவிழ்த்துவிட்டாய். உனக்கு எட்டு வயசு. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். நீ அழவில்லை. பாவாடையால் தரையை ஒற்றி ஒற்றி, பக்கெட்டில் பிழிந்தாய். மண்ணும் தண்ணீருமாக ஒரு டம்ளர் தேறியிருக்கும். அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாய்.

அன்று ராத்திரி உனக்குச் சோறு ஊட்டிவிட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. போனில் இப்போதும் சொல்ல வராது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அம்மா