நாம் பார்க்காத பட்டர்வொர்த்

பீடோங், கெடா
ஞாயிறு இரவு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. பட்டர்வொர்த்துக்கு ஒருநாள் போய்வந்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன், அதனால்தான் பதில் தாமதம். போய்வந்துவிட்டேன்.

எல்லாம் பேரனால் வந்தது. அவனிடம் ஒரு ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் இருக்கிறது, கட்டைவிரல் நீளம். சக்கரத்தில் சிக்கியிருந்த தலைமுடியை எடுக்கத் திருப்பினேன். அடியில் ‘மலேசியா’ என்று சின்ன எழுத்தில் பொறித்திருந்தது. அது பட்டர்வொர்த்தை அடுத்த பிறையில் செய்வது, சரசு! நம் பஸ் போய்வந்த அதே தொழிற்பேட்டையில். “பாட்டி அங்கேதான் வேலை செய்தேன், வேறு தொழிற்சாலையில்” என்றேன். “அந்த ஊர் எப்படி இருக்கும்?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. 1983 முதல் 1987 வரை நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலை பஸ், இரவு ஷிப்ட் என்றால் பகலெல்லாம் தூக்கம், சம்பளம் வாங்கியதும் ரப்பர் தோட்டத்தில் இருந்த வீட்டாருக்குப் பணம். ஊரை நாம் எங்கே பார்த்தோம்?

போன செவ்வாய்க்கிழமை 50 வெள்ளி (ரிங்கிட்) பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது, என் பணத்தில் போக வேண்டும் என்று பிடிவாதம். சுங்கை பட்டாணி வரை பஸ், அங்கிருந்து கொமுட்டர் ரயில். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்பதால் டிக்கெட்டுக்குச் சில்லறைதான் போனது. குளிரூட்டிய பெட்டி, ஜன்னலோரம் இடம். புக்கிட் மெர்தாஜாம், புக்கிட் தெங்கா தாண்டிப் பிறை ஆற்றைக் கடக்கும்போது என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

ரயில், பஸ், பெர்ரி மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்து ‘பினாங்கு சென்ட்ரல்’ என்று 2018இல் திறந்திருக்கிறார்கள். என்னோடு இறங்கிய அத்தனை பேரும் பெட்டியை இழுத்துக்கொண்டு பெர்ரிப் பக்கம் நடந்தார்கள். பினாங்குத் தீவுக்கு ஏறும் படிக்கட்டாகத்தான் இந்த ஊரை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். நான் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நடந்தேன். அதற்குமுன் துறையைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றேன். 1988 ஜூலை 31ஆம் தேதி அந்தப் பழைய துறைமேடை இடிந்து 32 பேர் இறந்தது உனக்கு நினைவிருக்கும். நாம் ஊர் திரும்பி ஓராண்டுதான் ஆகியிருந்தது. வானொலியில் கேட்டுவிட்டு, கூட இருந்த பெண்கள் யாராவது மாட்டிக்கொண்டார்களோ என்று அன்றிரவு நான் தூங்கவில்லை.

பாகான் லுவார் பக்கம் பழைய கடைவீடுகளின் பின்சந்தில் சுவரெல்லாம் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் போனதால் நானும் ஒரு பூனையும்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் பழைய கதவுகளின் மேல்தான் போனது. ஒரு கடையில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் ஒன்று. கல்லாவில் இருந்தவர் நம் பேச்சைக் கேட்டதும் “கெடாவா அம்மா?” என்றார். அவருடைய அப்பா வெள்ளீயம் உருக்கும் ஆலையில் வேலை பார்த்தவராம். 1902 முதல் நூறாண்டுக்கு மேல் இந்த ஊரில் ஈயம் உருக்கியிருக்கிறார்கள். அடுப்புப் பக்கம் நின்று வருகிறவருடைய சட்டையை அம்மா தனியாகத்தான் துவைப்பாராம்.

அடுத்து பஸ்ஸில் பிறைக்குப் போனேன். இதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாம் மூன்றாம் வகுப்பு படித்தபோது தோட்டத்தில் மறுநடவுக்குப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்தார்களே, நினைவிருக்கிறதா? கட்டைகளை லாரியில் ஏற்றும்போது, “இது கரியாகிப் பிறையில் இரும்பு உருக்கப் போகிறது” என்பார் என் அப்பா. சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான், சரசு. ஜப்பானியர்களோடு கூட்டாகத் தொடங்கிய மலாயாவாட்டா இரும்பாலை 1967இல் பிறையில் ஊதுலையை மூட்டியது. உலைக்கு வேண்டிய நிலக்கரி நம் நாட்டில் இல்லை. அதனால் ரப்பர் மரக் கரியைப் போட்டு உருக்கினார்கள். பின்னாளில் ஆலை கைமாறிப் பெயரும் மாறிவிட்டது. ரப்பர் கட்டையும் மேசை நாற்காலி செய்யப் போய் விலை ஏறிவிட்டது. பீடோங்கைச் சுற்றியுள்ளவர்களுக்கு மரக்கரியில் இரும்பு உருக்குவது புதிதும் அல்ல. பக்கத்தில் சுங்கை பத்துவில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இரும்பு உருக்கும் உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்களே, அங்கேயும் மரக்கரிதான்.

தொழிற்பேட்டைச் சாலையோரம் ஒரு மரத்தடியில் நின்று இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பா இருபது வருடம் பால் வெட்டிய மரம் இந்த ஊர் உலையில் எரிந்திருக்கலாம். பால் வற்றியதும் மரம் வந்தது. தோட்டத்தில் வேலை குறைந்ததும் நாம் வந்தோம். உன் பற்றவைப்புக் கோலின் புகையில் இருமி இருமி நீ மயங்கி விழுந்த அன்று, அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அந்தச் சம்பளத்தில்தான் உன் தம்பி படித்தான், என் வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது. இரண்டுமே உண்மை. ஷிப்ட் முடிந்து சீருடையோடு பெண்கள் வந்தார்கள். இப்போது நேப்பாளம், வங்காளதேசம் என்று வெளிநாட்டு முகங்களும் நிறைய. ஒரு பெண் காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். நீ செய்வது போலவே, கட்டைவிரலால் குதிகாலை அழுத்தி. அவளிடம் பேச வேண்டும் போலிருந்தது. பஸ் வந்துவிட்டது.

பகல் சாப்பாடு வாழையிலையில், மீன் குழம்போடு. மாலையில் பந்தாய் பெர்சே கடற்கரையில் உட்கார்ந்தேன். எதிரே தீவு, கட்டடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறியது. பினாங்குப் பாலம் திறந்த 1985இல் அதன்மேல் ஒருமுறை போக வேண்டும் என்று நீ மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாய். போகவே இல்லை. வீடு திரும்பிக் கணக்குப் பார்த்தேன், 37 வெள்ளி செலவு. அதில் பேரனுக்கு வாங்கிய முறுக்கும் சேர்த்தி.

ஒரு குறை. மாக் மண்டினில் நாம் எட்டுப் பேர் வாடகைக்கு இருந்த வீட்டைத் தேடினேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து நடந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்து, மூன்று சந்து சுற்றியும் அடையாளம் தெரியவில்லை. வாசலில் மாமரம் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மரத்தை வெட்டியிருப்பார்கள். வீட்டுக் கணக்கு நோட்டை நீதானே எழுதுவாய், முதல் பக்கத்தில் முகவரி இருக்கும். அந்த நோட்டு உன்னிடம் இருந்தால் எண்ணை எழுதி அனுப்பு. பள்ளி விடுமுறையில் மகளோடு பாசிர் கூடாங்கிலிருந்து இரவு பஸ் ஏறு. காலையில் பினாங்கு சென்ட்ரலில் நான் நிற்கிறேன். இருவரும் சேர்ந்து தேடுவோம், பிறகு பாலத்தின்மேல் போவோம்.

அன்புடன்,
லெட்சுமி